மூன்று வரியும் ஒரு 'ஏன்' கேள்வியும்: ஆறு மாதம் எழுதிய நன்றிக் குறிப்பேடு

வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தபோது என் தங்கை இந்த நன்றிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். எப்படி எழுதுவது என்று கேட்டேன். "இடது கையால எழுதுக்கா" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நாளுக்கு ஒரு பக்கம். நன்றி சொல்ல மூன்று விஷயங்கள், எனக்கு நானே சொல்லும் ஒரு வார்த்தை, நாளைக்கு எடுத்துவைக்கும் ஓர் அடி. நன்றிப் பகுதியில் ஒவ்வொரு வரிக்கும் கீழே பொடி எழுத்தில் 'ஏன் நடந்தது?' என்று ஒரு கேள்வி. முதலில் அதை விட்டுவிட்டேன். குடும்பம், வீடு, உயிர் என்று எழுதினேன். நாலாம் நாளே சலித்துவிட்டது. அப்புறம் ஒரு நாள் 'தங்கை தலை வாரிவிட்டாள்' என்று எழுதிவிட்டு அந்தக் கேள்விக்கும் பதில் யோசித்தேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் எனக்காக அரை மணி நேரம் முன்னதாகவே எழுந்து வந்துகொண்டிருந்திருக்கிறாள். பதினெட்டு நாளாக வந்தவளை அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

இந்த 'ஏன்' சும்மா சேர்த்தது இல்லை. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மேனும் குழுவினரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவில் மூன்று நல்ல விஷயங்களையும் அவற்றின் காரணத்தையும் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடியிருந்தது.

இரண்டாம் பகுதிதான் எனக்கு ஒட்டவில்லை. 'நான் அற்புதமானவள்' என்பது போன்ற வாக்கியங்களை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். டம்ளரைக் கைநழுவவிட்டு உடைத்து, நாள் முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்த அன்று அதைப் படிக்கக்கூட முடியவில்லை. அடித்துவிட்டு, தங்கை உடைத்திருந்தால் என்ன சொல்வேனோ அதை எழுதினேன்: 'ஒரு கையால எவ்வளவுதான் பிடிப்ப? விடு.' தன்பரிவு பற்றி ஆராயும் கிறிஸ்டின் நெஃப் சொல்வதும் இதைத்தான்: நெருங்கிய தோழியிடம் காட்டும் கனிவை நம்மிடமும் காட்டுவது. அச்சிட்ட வாக்கியங்களை எடுத்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டிருக்கலாம்.

மூன்றாவது பகுதி அருமை. 'தடை வந்தால் வேறு வழி?' என்றும் கேட்கிறது. நம்பிக்கை என்பது மன உறுதி மட்டுமல்ல, வழிகளைக் கண்டுபிடிப்பதும்தான் என்று உளவியலாளர் சி. ஆர். ஸ்னைடர் விளக்கியதோடு இது ஒத்துப்போகிறது. கட்டுப் பிரித்த வாரம் நான் எழுதியது: விரல் மடக்கும் பயிற்சி பத்து முறை, வலித்தால் நிறுத்திவிட்டுச் சாயங்காலம் ஐந்து முறை.

தாள் சுமார். மை பேனாவால் எழுதினால் பின்பக்கம் ஊறுகிறது, பால்பாயிண்ட் போதும். பெரிய குறை, தேதியை அச்சடித்திருப்பது. பதினொரு நாள் விட்டுப்போய், அந்த வெற்றுப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் குற்ற உணர்ச்சி வந்தது. உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லோ இருவரும் நன்றி பற்றி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு வாரத்துக்கு ஒரு முறைதான் எழுதியது. அதற்கே பலன் இருந்தது. அப்படியிருக்க, தினமும் எழுதியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி எதற்கு?

வாரக்கணக்கில் மனம் இருண்டு கிடந்தால் குறிப்பேட்டை நம்பி இருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது வலது கையால்தான் எழுதுகிறேன். அடுத்ததாகத் தேதி போடாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதில் 'ஏன் நடந்தது?' இல்லாவிட்டால், ஒவ்வொரு வரிக்கும் கீழே நானே எழுதிக்கொள்வேன்.