"கியர் பாக்ஸ் பிரித்துக் கட்டியாச்சு" என்று பில் வந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

1970களின் டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக். இழுவையில் இரண்டாவது கியர் கழன்றுவிடுகிறது என்று பட்டறையில் விட்டோம். இன்ஜினை இறக்கிப் பிரித்தது, இரண்டு கியர், கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க் ஒன்று, எல்லா பேரிங், சீல் என்று பில் வந்தது. சத்தமும் குறைந்திருந்தது. அடுத்த மேட்டிலேயே அதே கியர் மறுபடி கழன்றது. வேறு இடத்தில் கொடுத்துப் பார்த்தால், கிராங்க் கேஸ் (கியர் பாக்ஸும் உள்ளே இருக்கும் இன்ஜின் கூடு) திருகுகளின் தலையில் பழைய மண் அப்படியே இருக்கிறது. இரண்டு பாதியும் சேரும் இடத்தில் பழைய கேஸ்கெட் காய்ந்து ஒட்டியபடி இருக்கிறது. ஆயில் மட்டும்தான் மாறியிருந்தது. 140 கிரேடு கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கியிருக்கிறார்கள்.

இது வெறும் பண ஏமாற்று இல்லை. இந்த வகை இன்ஜின்களில் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. ஆயில் கெட்டியானால் பிளேட்டுகள் பிரியாமல் ஒட்டி இழுக்கும், ஒவ்வொரு கியரும் முட்டி மோதித்தான் விழும். பல ஜப்பானிய வண்டிகளுக்கு 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்தான் சொல்லப்பட்டிருக்கும்.

யாராவது "இன்ஜின் பிரிக்கணும்" என்றால், சரி சொல்வதற்கு முன் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துங்கள். இன்ஜின் ஓடாத நிலையில் சக்கரத்தைக் கையால் சுற்றியபடி எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் கரகரத்தாலோ, நியூட்ரல் கிடைக்காவிட்டாலோ, முதலில் கிளட்சைத்தான் சந்தேகிக்க வேண்டும். கிளட்ச் லீவரில் பிளே (இழுவை பிடிக்கும் முன் உள்ள தளர்வு) 2 முதல் 3 மி.மீ. இருக்கட்டும். அதிகமானால் கிளட்ச் முழுதாகப் பிரியாது. பிறகு கிளட்ச் பக்கக் கவரைக் கழற்றி, ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடிமேல் வைத்து வளைவு பாருங்கள். கிளட்ச் ஹவுசிங்கின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். இதற்கெல்லாம் கேஸைப் பிரிக்கவே வேண்டாம்.

கியர் லீவர் மிதித்த இடத்திலேயே நின்றுவிட்டால் ரிட்டர்ன் ஸ்பிரிங். கியர்களுக்கு நடுவே பொய் நியூட்ரல் (எந்தக் கியரும் விழாத நிலை) வந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட கியர்கள் கழன்றாலோ, ஃபோர்க்குகளை நகர்த்தும் ஷிஃப்ட் டிரம்மை நிறுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கையும் ரோலரையும் பாருங்கள். பெரும்பாலான இன்ஜின்களில் இவையும் கவருக்குப் பின்னால்தான்.

ஒரே ஒரு கியர், அதுவும் இழுவையில் மட்டும் கழன்றால் பிரித்தாக வேண்டும். இந்தக் கியர்களின் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே இருக்கும். கியரின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் டாக்குகள் எதிர்க்கியரின் குழிக்குள் பூட்டிக்கொள்ளும்போதுதான் சக்தி போகிறது. டாக்கின் விளிம்பு மழுங்கினால், இழுவையே அதை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலை ஃபோர்க் தாங்கித் தாங்கி, முனை தேய்ந்து சூட்டில் நீலமாகும், வளையவும் செய்யும். அதனால் டாக் உள்ள கியர், குழி உள்ள கியர், ஃபோர்க் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதையும் பழையது தின்றுவிடும். "அரம் போட்டுச் சரி பண்ணித் தருகிறேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். கடினப்படுத்திய மேல்தோல் போய்விட்டால் டாக் சீக்கிரமே மறுபடி மழுங்கும்.

வடித்த ஆயிலையும் பாருங்கள். காந்தத்தில் மாவு போன்ற சாம்பல் நிறப் பொடி சாதாரணம். கூரான சில்லு வந்தால் பல்லோ டாக்கோ உடைந்திருக்கலாம். பித்தளை நிறத் துகள் புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) தேய்வதால் வரலாம். ஆயில் குறைந்துகொண்டே வந்து, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கிளட்ச் பக்கக் கிராங்க் சீல் போயிருக்கலாம். அதைக் கியர் பாக்ஸ் பழுது என்று எழுதிக் காசு வாங்குவதும் உண்டு.

வண்டியைக் கொடுக்கும் முன், கேஸின் இரண்டு பாதியும் சேரும் கோட்டின் குறுக்கே பெயிண்டால் இரண்டு மூன்று இடத்தில் கோடு போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தால் கோடு உடையும். கழற்றிய கியர், ஃபோர்க், சர்க்ளிப் (கியர் நகராமல் தண்டில் மாட்டும் வளைய கிளிப்), கிழிந்த கேஸ்கெட் எல்லாம் கைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய சர்க்ளிப்பையே மறுபடி மாட்டுவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். திரும்ப வாங்கும்போது ஆயில் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். தேன் மாதிரி மெதுவாக வடிந்தால், பழைய பாகங்களைக் கண்ணால் பார்க்கும்வரை பணம் கொடுக்காதீர்கள்.