அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள்: பிள்ளைக்கு எந்தப் பரிசோதனை?

பெற்றோரில் ஒருவருக்குப் பாலிசிஸ்டிக் சிறுநீரக நோய் (சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய்) என்று தெரிந்த அன்றே, "பிள்ளைக்கும் வந்திருக்குமோ?" என்ற பயம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்தாலே உண்டாகும் ஓங்கு மரபு வகை என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. கண்டறிய அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ., சி.டி., மரபணுப் பரிசோதனை என்று நான்கு வழிகள் உண்டு. சி.டி.யை இப்போதே தள்ளிவைத்துவிடலாம். கட்டிகளை எண்ணுவதற்காக வளரும் குழந்தைக்குக் கதிர்வீச்சு கொடுப்பது தேவையற்ற வேலை.

முதலில் எடுக்க வேண்டியது அல்ட்ராசவுண்ட்தான். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து இல்லை, அம்மா மடியில் வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம். ஆனால் எந்தப் புரோபால் (உடல்மேல் வைத்துப் பார்க்கும் கைக்கருவியால்) எடுத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களின் வயிற்றைப் பார்க்கும் வளைந்த புரோப் ஆழத்தைக் காட்டும், நுணுக்கத்தைக் கோட்டைவிடும். குழந்தையின் சிறுநீரகமோ தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. அதிக அதிர்வெண் கொண்ட தட்டையான புரோபை முதுகுப்பக்கம் வைத்தால் 2, 3 மி.மீ. கட்டிகூடத் தெரியும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே உண்டாகும் ஒடுங்கு மரபு வகையில் வேறுபாடு இன்னும் துலக்கம். வளைந்த புரோபில் பெருத்து வெளேரென்று மட்டும் தெரிந்த சிறுநீரகம், இதில் விரிந்த நுண்குழல்களாகப் பிரிந்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விசிறிபோல் பரவுவது தெரியும். இந்தக் குழந்தைகளுக்குக் கல்லீரலையும் அதே அமர்வில் பார்த்துவிட வேண்டும். அங்கும் நார்த்திசு படர்ந்திருக்கும்.

ஏமாறும் இடமும் உண்டு. பச்சிளங்குழந்தையின் சிறுநீரகப் பிரமிடுகள் (சிறுநீரகத்தின் உள்ளே இருக்கும் கூம்பு வடிவப் பகுதிகள்) இயல்பாகவே கறுத்துத் தெரியும். பழக்கமில்லாத கண் அவற்றையே நீர்க்கட்டி என்று எழுதிவிடும். சிறுநீரகத்தின் நடுப்பகுதியைச் சுற்றிச் சீரான இடைவெளியில் வரிசையாக இருந்தால் அவை பிரமிடுகள்.

சிறுநீரகத்தின் மொத்தக் கன அளவை அளப்பதில் எம்.ஆர்.ஐ.க்கு நிகரில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை அந்தக் குழாய்க்குள் அசையாமல் கிடக்குமா? மயக்க மருந்து கொடுக்க நேரும். பதின்வயதில் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

அல்ட்ராசவுண்டின் உண்மையான பலவீனம் "ஒன்றுமில்லை" என்ற பதில். குடும்பத்தில் நோய் இருந்தால், 15 முதல் 39 வயது வரை மூன்று கட்டிகள் தெரிந்தாலே நோய் உறுதி என்கிறது 2009-இல் வந்த அளவுகோல். பதினைந்துக்குக் கீழே அப்படியொரு கணக்கே கிடையாது. ஒரே கட்டியும் பலத்த சந்தேகம்தான். கட்டியே இல்லாவிட்டாலும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் மரபணுப் பரிசோதனை முந்துகிறது. ஆனால் இந்த நோய்க்குக் காரணமான பி.கே.டி.1 மரபணுவைப் போன்றே தோன்றும் ஆறு போலி மரபணுக்கள் அருகிலேயே இருப்பதால் ஆய்வகத்துக்கும் அது எளிதல்ல. அதைவிட, ஓடியாடும் ஏழு வயதுப் பிள்ளைக்கு நோயின் பெயரைச் சூட்டிவிட்டால், அறிய வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அவனிடமிருந்து போய்விடுகிறது. அறிகுறி இல்லாவிட்டால் வளரும்வரை காத்திருக்கலாம் என்பது என் கருத்து.

அதுவரை ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம் பாருங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பாருங்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை குழந்தைகளுக்கான அளவில் இருக்க வேண்டும். பெரியவர்களின் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டும்.