வைட்டமின் ஈயும் மூன்று எண்ணெய்களும்: பாம்பனிலிருந்து ஓர் அனுபவம்

வைட்டமின் ஈ கேப்சூலைக் குண்டூசியால் குத்தி, சமையல் எண்ணெயில் கலந்து கை கால்களில் தேய்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். பாம்பனில் ஆனி, ஆடி மாதங்களின் கச்சான் காற்று மணலையும் உப்பையும் அள்ளி அடிக்கும். புறங்கை வெடிக்கும், குதிகால் பிளக்கும்.

எந்த எண்ணெயில் கலக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோலின் மேலடுக்கில் இறந்த செல்களுக்கு இடையே செராமைடு என்னும் கொழுப்பு வகை, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சமையல் எண்ணெய்களில் இருக்கும் கொழுப்பு அமிலங்களில் ஒலியிக், லினோலியிக் இரண்டும் முக்கியம். ஒலியிக் அமிலம் அந்த அடுக்கைக் குலைத்து வழிவிடும். மேற்பூச்சு மருந்துகள் உள்ளே இறங்க அதைச் சேர்ப்பது இதற்காகத்தான். லினோலியிக் அமிலம் வேறு குணம்: தோலின் தடுப்பைக் காக்கும் ஒருவகை செராமைடுக்கு அதுவே மூலப்பொருள்.

கடலை எண்ணெயில் ஒலியிக் அதிகம். மழை மாதங்களில் இரவில் பூசினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கச்சான் காலத்தில் அதையே பூசி, காலையில் கடலில் கை வைத்தால் சுரீரென்று எரிந்தது. வைட்டமினுக்குத் திறந்த கதவு உப்புக்கு மட்டும் மூடியா இருக்கும்? லினோலியிக் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயில் அந்த எரிச்சல் இல்லை, ஆனால் புட்டியைத் திறந்து வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். நல்லெண்ணெயில் இரண்டும் தலா ஏறக்குறைய 40 சதவீதம். நான் நிலைத்தது அதில்தான். தலையணை உறை மணக்கும் என்று வீட்டில் முணுமுணுப்பு உண்டு.

வைட்டமின் சியையும் இப்படிக் கலக்கலாமே என்றால், அது நீரில் கரைவது, எண்ணெயோடு சேராது. தோலில் பூச வாங்கிய வைட்டமின் சி சீரம் இந்த வெயிலில் பழுப்பாகிப் போனது. வைட்டமின் சியைக் கொழுப்பு அமிலத்தோடு பிணைத்த அஸ்கார்பில் பால்மிடேட் எண்ணெயில் கரையும், தோலுக்குள் சேர்வதென்னவோ சொற்பமே.

கடல்பாசி எடுக்கப் போகும் மதினி விரல்களில் துணி சுற்றிக்கொண்டே கேட்டார்: "எண்ணெய் போதாதா தம்பி, மாத்திரை எதற்கு?" அதன் பிறகு ஒரு கையில் வெறும் நல்லெண்ணெய், மறு கையில் கேப்சூல் கலந்தது என்று ஒரு கச்சான் காலம் முழுக்கப் பூசிப் பார்த்தேன். வெடிப்புகள் இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் மூடின. வைட்டமின் ஈ சிலருக்கு அரிப்பைக் கொடுப்பதும் உண்டு. முன்கையின் உட்புறத்தில் துளி தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மிச்சமிருந்த கேப்சூல்களை இப்போது சூரியகாந்தி எண்ணெய்ப் புட்டியில் பிழிந்துவிடுகிறேன். எண்ணெய் சிக்கடிப்பதையாவது அது தள்ளிப்போடுமா என்று தெரியவில்லை, வீணாகாமல் இருக்கட்டும் என்றுதான்.