ஒடிந்த ஆணி எங்கே போகிறது? காற்று ரிவெட் கன்னோடு சில வருடங்கள்

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை எதற்குள் நுழைந்தாலும் வெல்டிங் சடசடப்புக்கும் கிரைண்டர் இரைச்சலுக்கும் நடுவில் 'டப்... புஸ்' என்று ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டே இருக்கும். ஷீட்டுகளைப் பிணைக்கும் பாப் ரிவெட்டை, அதாவது நடுவில் ஆணி செருகிய குட்டிக் குழாயை, அடிக்கும் காற்றுக் கன்தான் அது. பல வருடங்களாக நான் வேலை செய்வது அதை வைத்துத்தான். ஓரத்து அலுமினிய ஷீட், உள்பக்கப் பேனல், சீலிங், படிக்கட்டு ஓரத்துப் பீடிங் என்று ஒரு பஸ்ஸில் ரிவெட் விழாத மூலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எந்தக் கம்பெனி கன் என்று சொல்லப்போவதில்லை. ஐந்தாறாயிரத்துக்குக் கிடைப்பதிலிருந்து அதைப்போல் பல மடங்கு விலையுள்ளது வரை சிலவற்றைக் கையாண்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் அமைப்பு எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே. விலை கூடினால் காற்றும் எண்ணெயும் கசியாமல் அடைக்கும் சீல் நாள்படத் தாங்கும், ஆணியைக் கவ்வும் ஜா நல்ல இரும்பாக இருக்கும், உதிரிபாகம் கேட்டவுடன் வரும். ஆனால் விலை உயர்ந்த கன்னையும் ஆறு மாதத்தில் குப்பைக்கு அனுப்பும் வழி ஒவ்வொரு பட்டறையிலும் உண்டு.

அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதி ரிப்பேரை நாமே பார்த்துவிடலாம். பிடிக்குக் கீழே குண்டாக இருப்பது காற்றுச் சிலிண்டர். டிரிகரை அழுத்தினால் அதற்குள் பெரிய பிஸ்டன் ஒன்று எழும்பி, தன் மெல்லிய தண்டால் பிடிக்குள் இருக்கும் எண்ணெயை அழுத்தும். அகலமான பிஸ்டன், ஒல்லியான தண்டு என்பதால் 6 கிலோ (சதுர செ.மீ.க்கு) காற்றழுத்தம் உள்ளே பல மடங்கு எண்ணெய் அழுத்தமாக மாறிவிடுகிறது. அந்த எண்ணெய் தலைப்பகுதியில் இருக்கும் இன்னொரு பிஸ்டனைப் பின்னால் தள்ளும். அதோடு சேர்ந்த ஜா, ரிவெட்டின் ஆணியைக் கவ்வி இழுக்கும். ஆணியின் தலை மறுபக்கத்தில் ரிவெட் குழாயை உப்ப வைத்து ஷீட்டை இறுக்கும். ஆணியில் ஏற்கெனவே மெலிதாக்கி வைத்த ஓர் இடம் உண்டு. இழுவை ஏற ஏற அந்த இடத்தில் 'டப்' என்று ஒடியும். பிறகு டிரிகரை விட்டதும் ஜா விரிந்து, ஒடிந்த துண்டு பின்பக்கக் குழாய் வழியாக, கன்னின் பின்னால் மாட்டிய பாட்டிலுக்குள் போகும்.

பாதுகாப்பு என்று என்னைக் கேட்டால், அந்த ஒடிந்த ஆணி எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். சேதம் பெரும்பாலும் அதைத் தொடர்ந்துதான் வருகிறது.

முன்பு நான் இருந்த ஒரு பட்டறையில், சீலிங் மூலையில் இடம் பத்தவில்லை என்று பின்னால் இருந்த பாட்டிலைக் கழற்றிவிட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல சக்‌ஷன் உள்ள கன், பாட்டில் இல்லாவிட்டால் ஆணியைக் காற்றோடு சேர்த்துப் பின்னால் வீசி எறியும். எதிரில் ஷீட் தாங்கிக்கொண்டிருந்த பையனுக்குக் கண்ணுக்கு ஒரு விரல் கீழே பட்டு ரத்தம் வந்துவிட்டது. "அண்ணே, ஒண்ணுமில்லண்ணே" என்று அவன் துடைத்துக்கொண்டான். ஃபோர்மேன் கன்னைப் பிடுங்கி வைத்துவிட்டு, பாட்டில் மாட்டிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். இடுக்கான இடத்துக்குக் கையால் அமுக்கும் சாதாரண ரிவெட் கன் இருக்கிறது. நாலு ரிவெட் அதில் அடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

பாட்டில் இருந்தால் மட்டும் போதாது, நிரம்புவதற்கு முன் கொட்டவும் வேண்டும். நிறைந்துவிட்டால் அடுத்த ஆணி குழாயிலேயே நிற்கும். அதன் பின்னால் வருவது முட்டும், பிறகு ஜா விரியாது. 'கன் ஜாம் ஆயிடுச்சு' என்று என்னிடம் வருவதில் கணிசமானது இந்த வகைதான். பாட்டிலைக் கழற்றுவதற்கு முன் காற்றை மூடிவிடுங்கள். தரையில் சிதறிய ஆணியை அன்றன்றைக்கே காந்தத்தால் வாரிவிட வேண்டும். பெரும்பாலும் இரும்பு ஆணி என்பதால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், துரு ஏறாத ஸ்டீல் ஆணிதான் பல சமயம் ஒட்டாது. ரப்பர் செருப்போடு திரியும் ஊர் இது. ஷூ போடச் சொன்னால் வெயிலைக் காட்டுவார்கள். ஆணியை வாருங்கள் என்றாலாவது கேட்பார்கள்.

கண்ணாடி கட்டாயம். ஆணி ஒடியும் கணத்தில் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருப்பது நாம்தான், அதிலும் தலைக்கு மேலே அடிக்கும்போது. காதுக்கும் அடைப்பான் வேண்டும். ரிவெட் சத்தம் மட்டும் என்றால் தாங்கிவிடலாம், பக்கத்தில் கிரைண்டர் ஓடுகிறதே. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பதுதான் வரம்பு. பாடி கட்டும் ஷெட்டுக்குள் அதைத் தாண்டுவது ஒன்றும் அதிசயமில்லை.

காற்று அழுத்தம் 5 முதல் 7 கிலோவுக்குள் இருந்தால் போதும், கன்னின் மேலேயே எழுதியிருப்பார்கள். கம்ப்ரசர் 8, 10 வரை ஏற்றிவைக்கும் என்பதால் நடுவில் ரெகுலேட்டர் இல்லாமல் ஓட்டக்கூடாது. 'கூடக் காத்து குடுத்தா சீக்கிரம் வேலை முடியும்' என்று சொல்பவர் எல்லாப் பட்டறையிலும் ஒருவர் இருப்பார். வேலை சீக்கிரம் முடிகிறதோ இல்லையோ, சீல் சீக்கிரம் முடிந்துவிடும். அழுத்தம் குறைந்தால் ஆணி ஒரே இழுப்பில் ஒடியாமல் இரண்டு மூன்று முறை டிரிகரை அழுத்த வேண்டியிருக்கும். கடைசி முனையில் இருப்பவருக்குத்தான் இது வரும். மற்ற எல்லாரும் காற்றை எடுத்துக்கொண்ட பிறகு மீதிதான் அவருக்குக் கிடைக்கிறது. அப்போது கன்னைக் குறை சொல்லி என்ன பயன்? ஹோஸ் விட்டத்தைப் பாருங்கள்.

எங்கள் வேலையில் ஹோஸுக்கு வெல்டிங் பொறிதான் எமன். பொறி விழுந்து சிறு புள்ளியாகப் பொசுங்கிய இடம் வெளியே தெரியாது, ஒருநாள் அங்கேயே வெடிக்கும். ஹோஸைக் கன்னோடு இணைக்கும் கப்லர் சரியாகப் பூட்டாமல் கழன்றால் ஹோஸ் பாம்பாகச் சுழன்று அடிக்கும், அதன் முனையில் இரும்பு இருக்கிறது. ஆணி நுழையும் முன்முனையான நோஸ் பீஸை மாற்றுவது, ஜா கழற்றுவது, எண்ணெய் பார்ப்பது எதுவானாலும் முதலில் கப்லரைப் பிடுங்கிவிடுவது என் பழக்கம். டிரிகரில் கை படாது என்று நம்பி விரலை முன்னால் வைப்பது எனக்கு ஆகாது.

இன்னொன்று, சாயங்காலம் வேலை முடிந்து உடம்பில் ஒட்டிய தூசியை அதே ஹோஸில் ஊதிக்கொள்வது. இதை எல்லாரும் செய்கிறார்கள், யாரும் செய்யக்கூடாது. கண்ணுக்குள் அலுமினியத் துகள் போகும், தோலில் காயம் இருந்தால் காற்றே உள்ளே புகும். விளையாட்டு என்று நினைத்து ஒருவர் உடம்பின் துவாரத்தில் காற்றை விட்டு உயிரே போன செய்திகள் நம் நாட்டிலேயே வந்திருக்கின்றன. புதிதாகச் சேரும் பையன்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். இதில் ஜாதான் எல்லாம்.

தலையின் முன்பக்கத்தைத் திருகிக் கழற்றினால் கூம்பு மாதிரி ஓர் உறை, அதற்குள் இரண்டோ மூன்றோ துண்டாக ஜா, பின்னால் அதைத் தள்ளும் புஷர், ஸ்பிரிங் என்று வரிசையாக வரும். பழைய பேப்பரை விரித்து, வந்த வரிசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜாவின் உள்பக்கப் பல்லைப் பார்த்தால் ரம்பம் மாதிரி கூர்மையாக இருக்க வேண்டும். ஒரு வாரம் ஓடியதில் பல் தெரியாது. ஆணியிலிருந்து உரிந்த துகளும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புச் சாந்தாகப் பல் இடுக்கை நிரப்பியிருக்கும். மண்ணெண்ணெயில் சிறிது நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் பல்லின் போக்கிலேயே தேய்த்தால் சாந்து கரைந்து பளபளவென்று பல் வெளியே வரும். அப்படியும் போகாத துகளைக் குண்டூசியால் கிளறி எடுப்பேன். துடைத்துக் காயவைத்த பிறகு, ஜாவின் வெளிப்பக்கத்துக்கு, அதாவது கூம்பில் வழுக்கும் பக்கத்துக்கு மட்டும், துளி எண்ணெய். பல் பக்கம் எண்ணெய் பட்டால் ஆணி வழுக்கும். பல் மழுங்கியிருந்தால் அரம் வைத்து ராவிப் பார்க்காதீர்கள், புது செட் போடுங்கள். துரு ஏறாத ஸ்டீல் ரிவெட் நிறைய அடித்தால் ஜா வெகு சீக்கிரம் தேயும். ஒரு செட் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

அடுத்தது எண்ணெய். நல்ல நிலையில் ஜா பின்னால் போகும் தூரம் பெரும்பாலான கன்களில் 15 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். எண்ணெய் குறைந்தாலோ அதில் காற்றுக் குமிழி புகுந்தாலோ அந்தத் தூரம் குறையும், ஒரே இழுப்பில் ஆணி ஒடியாது. காற்றழுத்தம் சரி, ஜா சுத்தம், ஆனாலும் இரண்டு இழுப்பு என்றால் எண்ணெய்தான். ஊற்றும் முறை கன்னுக்குக் கன் கொஞ்சம் மாறும், கூடவே வரும் தாளைப் பாருங்கள். டிரிகரை அழுத்திய நிலையில் எண்ணெய் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள் என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே விரலையே இழக்க வேண்டிய காயம். அப்படி நடந்தால் வலி இல்லை என்று சும்மா இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எண்ணெய் தாளில் சொன்ன ஹைட்ராலிக் எண்ணெய்தான், பல கன்களுக்கு 32 அல்லது 46 கிரேடு. பிரேக் ஆயில் ஊற்றினால் ஓ ரிங் என்ற ரப்பர் வளையமெல்லாம் ஊதிப்போகும். பஸ் பட்டறையில் பிரேக் ஆயில் டப்பா கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

காற்றில் வரும் தண்ணீரையும் மறக்கக்கூடாது. ஐப்பசி மழையில் கம்ப்ரசர் டேங்கின் அடிவால்வைத் திறந்தால் காப்பி நிறத்தில் தண்ணீர் கொட்டும். காலையில் அதைத் திறந்துவிடாத பட்டறையில் அவ்வளவும் கன்னுக்குள்தான் போகிறது. ஃபில்டர் கிண்ணத்தையும் அப்போதே வடித்துவிடலாம். காற்றில் எண்ணெய் கலந்துவிடும் லூப்ரிகேட்டர் இருந்தால் நல்லதுதான், ஆனால் அதற்கு அப்புறம் வரும் லைனிலிருந்து பெயின்ட் அடிக்கக் காற்று எடுத்துவிடாதீர்கள். எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் குழிகுழியாக விலகும். பெயின்டர் நம் குலத்தையே இழுப்பார்.

துளை சரியில்லாவிட்டால் எந்தக் கன்னாலும் ரிவெட் நிற்காது. 3.2 ரிவெட்டுக்கு 3.3, 4.8 ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. அளவு. அந்த பிட் கிடைக்கவில்லை என்று 4.8க்கு 5 போடுவது வழக்கத்தில் இருக்கிறது, அதையும் சாய்த்துப் போட்டால் துளை இன்னும் பெரிதாகி ரிவெட் லொடலொடக்கும். ரிவெட் நீளத்தைப் பெட்டியில் போட்டிருக்கும் கனத்துக்குப் பார்த்து எடுங்கள். ஷீட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் டிரில் துகள் இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. கன்னை ஷீட்டுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் ஆணி கோணலாக ஒடிந்து முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டால் சேலை கிழிந்த பயணிதான் வந்து காட்டுவார், முதலாளிக்கும் நமக்கும் நல்ல பெயர் கிடைக்காது. விரலால் தடவிப் பார்க்காமல் துணியை இழுத்துப் பாருங்கள், மாட்டினால் ராவிவிடுங்கள்.

தவறாக அடித்த ரிவெட்டை டிரில் போட்டு எடுக்கும்போது ஆணித் தலை பேனலுக்குள் விழும். அதை எடுக்காமல் மூடினால் வண்டி ஓடும்போதெல்லாம் உள்ளே கிலுகிலுவென்று சத்தம் வரும். டிரைவர்கள் இதற்காகவே திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

இப்போது பேட்டரி ரிவெட் கன் நிறைய வருகிறது. ஹோஸ் இல்லை, கம்ப்ரசர் வேண்டாம். டிப்போவில் நிற்கும் வண்டிக்கு நாலு பேனல் மாற்ற அதுதான் வசதி. கையில் கனம், ஒவ்வொரு ரிவெட்டுக்கும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அதிலும் ஜாவும் இருக்கிறது, பாட்டிலும் இருக்கிறது, மேலே சொன்ன சுத்தம் அதற்கும் பொருந்தும். பட்டறையில் முழு பாடிக்கு நான் இன்னும் காற்றுக் கன்னைத்தான் எடுக்கிறேன். பழைய கன் யாராவது விலைக்குக் கொடுத்தால், ஒரு 4.8 ரிவெட்டை உங்கள் கண் முன்னால் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே இழுப்பில் ஒடிகிறதா, துண்டு தானாகப் பாட்டிலுக்குள் போகிறதா, டிரிகரை விட்ட பிறகும் பிடியோரம் காற்றோ எண்ணெயோ கசிகிறதா என்று பாருங்கள். கசிவு மட்டும் என்றால் சீல் செட் விலையைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். எண்ணெய்ச் சிலிண்டரின் உள்சுவரில் கோடு விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள், எத்தனை சீல் போட்டாலும் அது நிற்காது.