கியர் பாக்ஸைக் குறை சொன்ன காலம்: ஒரு பழைய விசைப்படகுடன் எட்டு ஆண்டுகள்

நாகப்பட்டினத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் மர விசைப்படகின் பொறுப்பை நான் ஏற்றபோது, அதன் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினுக்குப் பதினொரு வயது ஆகியிருந்தது. எஞ்சின், கியர் பாக்ஸ், புரொப்பல்லரைச் சுற்றும் தண்டான ஷாஃப்ட், அதைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங், ஷாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் குழாயில் அதைத் தாங்கும் ஸ்டெர்ன் டியூப் புஷ், புரொப்பல்லர் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் படகின் இயக்க அமைப்பு. இதில் எதைப் பழுது பார்ப்பது, எதை மாற்றுவது என்று இந்த எட்டு ஆண்டுகளில் நான் எடுத்த பெரிய முடிவுகள் நான்கு. அவற்றில் இரண்டு தவறாகப் போயின. பணத்தை அதிகம் தின்றவை தவறுகள்தாம் என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் ஆண்டிலேயே கியர் பாக்ஸின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகியது. திறந்து பார்த்தபோது பேரிங்கும் தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றினோம். அடுத்த ஆண்டு அதே சீல், அதே பேரிங். மூன்றாம் ஆண்டு மார்கழியில், வலையை இழுத்துக்கொண்டு போகும்போது பலகை வழியாகக் காலில் ஏறும் அதிர்வு கூடியிருப்பதாக டிரைவர் சொன்னார். துறைமுகத்தில் கேட்டவர்கள் எல்லாரும், செட்டையே கழற்றிப் போட்டுவிட்டுப் புது எஞ்சினும் கியர் பாக்ஸும் வாங்கச் சொன்னார்கள். நானும் விலை விசாரித்து, நகைக்கடன் வரை யோசித்து வைத்திருந்தேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருப்பதால், பெரிய வேலை எதுவானாலும் அதற்குள் முடிந்தாக வேண்டும். அந்த அவசரத்தில்தான் பலர், நோய் எது என்று பார்க்காமலே வைத்தியத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

என்னைத் தடுத்தவர் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். "தம்பி, பல்லைப் புடுங்கிக்கிட்டே இருக்கியே, தாடை ஆடுதான்னு பாத்தியா?" என்று கேட்டுவிட்டு, கரையேற்றிய படகின் புரொப்பல்லருக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்பினார். ஷாஃப்ட் சுமார் 4 மில்லிமீட்டர் மேலே எழும்பிக் கீழே விழுந்தது. ஸ்டெர்ன் டியூப் புஷ் அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தது. கடல்நீர் உள்ளே வராமல் ஷாஃப்டைச் சுற்றி அடைக்கும் கிளாண்ட் கயிறு அழுத்தும் இடத்தில், விரல் நகம் சிக்கும் அளவுக்கு ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தது. புஷ்ஷில் ஆடும் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் கப்ளிங்கை இழுத்துக்கொண்டிருந்தபோது, அதன் முன்னால் இருந்த பேரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் நிற்கப் போவதில்லை. இரண்டு ஆண்டுகள் கியர் பாக்ஸைத் திறந்து மூடிய செலவு என் முதல் தவறு.

அந்தத் தடைக்காலத்தில் புது ஷாஃப்டும் புது புஷ்ஷும் போட்டோம். புரொப்பல்லரைச் சமன் பார்த்தோம். அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டியைப் புதிதாகப் பொருத்தினோம். இரண்டாவது தவறு அப்போதுதான் நடந்தது. படகு கரையில் இருக்கும்போதே கப்ளிங்கை நேர்ப்படுத்தி, போல்ட்டை இறுக்கிவிட்டோம். மரப்படகு கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வடிவத்திலும், தண்ணீரில் மிதக்கும்போது வேறொரு வடிவத்திலும் இருக்கும். காய்ந்த பலகை நீரில் ஊறினால் இன்னும் சற்று மாறும். இறக்கி மூன்றாம் நாள் போல்ட்டைக் கழற்றி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தபோது, 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள கப்ளிங்கின் மேல் பக்கத்துக்கும் கீழ்ப் பக்கத்துக்கும் இடையே 0.6 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. அந்த அளவுள்ள கப்ளிங்குக்கு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. எஞ்சின் அடியில் தகடு கொடுத்து மறுபடியும் சரிசெய்ய ஒரு முழு நாள் பிடித்தது. கரையில் பார்ப்பது தோராயத்துக்கு மட்டுமே. கடைசி அளவைப் படகு மிதக்கும்போதுதான் எடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் கியர் பாக்ஸை யாரும் தொடவில்லை. புது எஞ்சின் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாத செலவில் கிடைத்த நான்கு ஆண்டுகள் அவை. அந்தக் காலத்தில் நான் செய்ததெல்லாம், ஓடும்போது கிளாண்டிலிருந்து நிமிடத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்ததும் (ஒரு சொட்டும் வராமல் இறுக்கினால் ஷாஃப்ட் சூடேறித் தேயும்), தண்ணீர் கலந்து கியர் ஆயில் பால் நிறமாக மாறுகிறதா என்று கவனித்ததும், டீசல் கணக்கை நோட்டில் எழுதியதும்தான்.

எஞ்சினின் முடிவை முதலில் சொன்னதும் அந்த நோட்டுதான். மணிக்கு 16 லிட்டராக இருந்த செலவு மெல்ல 19 லிட்டருக்கு ஏறியது. வரிவிலக்கு டீசலுக்கு ஆண்டு உச்சவரம்பு இருப்பதால், இந்த மூன்று லிட்டர் ஆண்டுக் கடைசியில் கையைக் கடித்தது. புகை நீலமானது, எஞ்சின் சூடேறியபின் ஐடிலில் ஆயில் பிரஷர் முள் கீழே படுத்தது. டீசலைப் பீய்ச்சும் நாசிலும் பிஸ்டன் ரிங்கும் மட்டும் என்றால் பழுதுதான் பார்த்திருப்பேன். ஆனால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை ஏற்கெனவே மூன்று முறை கிரைண்டிங் செய்து 0.75 மில்லிமீட்டர் குறைத்தாகிவிட்டது. அடுத்த அளவில் நம்பகமான பேரிங் கிடைக்கவில்லை. பேரிங்கின் வெள்ளைப் பூச்சு போய்ச் செம்பு தெரிந்ததைக் கையில் வைத்துப் பார்த்தபின் எனக்கு வேறு யோசனை வரவில்லை.

பழைய லாரி எஞ்சினைப் படகுக்கு மாற்றித் தருவதாகச் சொன்னவர்கள் பாதி விலை கேட்டார்கள். எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், கடல்நீர் பம்ப், தண்ணீரால் குளிரும் எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் தனியாகச் சேர்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துபோகிறது என்பது என் கணக்கு. அதனால் படகுக்கென்றே செய்த எஞ்சினை, பழையதைவிடச் சற்றே கூடுதல் திறனில் வாங்கினேன். தமிழ்நாட்டில் விசைப்படகு எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் வரம்பு இருக்கிறது. அந்த வரம்பு இல்லாவிட்டாலும், பழைய ஷாஃப்ட் தாங்கும் அளவைத் தாண்டி எஞ்சின் வைப்பதை நான் விரும்பமாட்டேன்.

பழைய புரொப்பல்லர் அப்படியே பொருந்திவிடும் என்று நினைத்தேன், பொருந்தவில்லை. நிமிடத்துக்கு 1,800 சுற்று போக வேண்டிய எஞ்சின் முழு வேகத்தில் 1,550-லேயே நின்று கரும்புகை தள்ளியது. ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேறும் தூரமான பிட்ச்சை 2 அங்குலம் குறைத்தபின் 1,750 வரை வந்தது. இழுவையில் இப்போது டீசல் மணிக்கு 15 லிட்டர்.

புது எஞ்சினுக்கு இந்தத் தடைக்காலத்தோடு இரண்டாண்டு முடிகிறது. அதே மரக்கட்டையால் நெம்பிப் பார்த்ததில் ஷாஃப்ட் ஒன்றரை மில்லிமீட்டர் எழும்பியது. புஷ்ஷுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். படகை இறக்கி மூன்றாம் நாள் ஃபீலர் கேஜுடன் வரும்படி மெக்கானிக்கிடமும் சொல்லியிருக்கிறேன்.