வெள்ளாற்றுச் சேற்றில் ஆறு மாதம் உழைத்த ஓ.ஆர்.பி. மீட்டர்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துச் சேறுதான் என் ஆராய்ச்சி. அதற்காக 8,500 ரூபாய் கொடுத்து வாங்கிய கையடக்க மீட்டர் இது. ஓ.ஆர்.பி. என்றால் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தம்; சேற்றில் அது எவ்வளவு என்று மில்லிவோல்ட்டில் காட்டும், எண் இறங்க இறங்க ஆக்சிஜன் தீர்ந்த சேறு என்று பொருள். அளக்கும் மின்முனையின் நுனியில் பிளாட்டினம்.

நீர் வற்றிய நேரத்தில் பிவிசி குழாயை அழுத்திச் சேற்றை முழுசாக எடுப்பேன். குழாயில் முன்பே துளைபோட்டு டேப் ஒட்டியிருக்கும். டேப்பைப் பிரித்து, ஒவ்வொரு துளையிலும் மின்முனையைச் செருக வேண்டும். மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு. அங்கே +110 மில்லிவோல்ட். மூன்று சென்டிமீட்டர் கீழே மைக்கறுப்பு; அங்கே −360. முதல்முறை அந்த எண் இறங்க இறங்க எனக்குக் கை நடுங்கியது. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் பாக்டீரியாக்கள் சல்பேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. லிட்டர் கடல்நீரில் 2.7 கிராம் அளவுக்குச் சல்பேட் இருப்பதால் பஞ்சமே இல்லை. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு இரும்பைப் பிடித்துக் கறுப்பாக்குகிறது. குழாயைத் திறந்ததும் வரும் அழுகிய முட்டை நாற்றமும் அதுதான். இதே சேற்றைத் தூர்வாரிக் கரையில் கொட்டினால், காற்றுப் பட்டுச் சல்பைடு அமிலமாகும், அது பிடித்துவைத்த உலோகங்களும் அவிழும். அதனால்தான் இந்த எண் சரியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபடுகிறேன்.

பெரிய குறை கையேடு. மீட்டர் எதோடு ஒப்பிட்டு அளக்கிறதோ அந்த ஒப்புமின்முனை, உள்ளே இருப்பது, வெள்ளி–வெள்ளி குளோரைடு வகை. கட்டுரைகளில் பயன்படுத்தும் ஹைட்ரஜன் அளவுகோலுக்கு மாற்ற ஏறக்குறைய 200 மில்லிவோல்ட் கூட்ட வேண்டும். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் −360 உண்மையில் −160. இது தெரியாமல் இரண்டு மாத அளவீடுகளை மற்றவர்களின் கட்டுரைகளோடு அப்படியே ஒப்பிட்டுவிட்டேன். நெறியாளர் பார்த்துச் சொன்னபோது அழுகையே வந்தது. விற்றவர்களுக்குப் போன் போட்டால், "சேத்துலயா மேடம் வைக்கிறீங்க? இது நீச்சல்குளத்துக்கு வாங்குறதாச்சே" என்றார்கள்.

இன்னொன்று, சல்பைடு பிளாட்டினத்தில் படியும். படிந்தால் எண் நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். நான் ஒவ்வொரு குழாய்க்கும் பிறகு அலுமினாப் பொடியால் மெல்லத் தேய்த்துக் கழுவி, மீட்டரைச் சரிபார்க்கும், மதிப்பு முன்பே தெரிந்த சோபெல் கரைசலில் வைத்துப் பார்க்கிறேன். 25 டிகிரியில் 230 மில்லிவோல்ட் பக்கம் காட்டினால்தான் அடுத்த குழாய். ஒவ்வொரு துளையிலும் ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும், அவசரப்பட்டால் வீண்.

உப்புத் தண்ணீரில் இரண்டுமுறை விழுந்தும் மீட்டர் பிழைத்தது. இந்த விலைக்கு வாங்கலாம். ஆனால் மின்முனை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். என்னுடையது ஐந்தாம் மாதமே போனது, மாற்று வர 23 நாள் ஆனது.