வீட்டுக்கு எந்த ஒபிஸ், கடைக்கு எந்த ஒபிஸ்?

பிள்ளையின் ஒப்படைக்கும் வீட்டுக் கணக்குக்கும் காசு கொடுத்து ஒபிஸ் மென்பொருள் (வேர்ட், எக்செல் போன்றவை) வாங்கத் தேவையில்லை. லிப்ரே ஒபிஸ் இலவசம், வியாபாரத்துக்குப் பாவிக்கவும் தடையில்லை. கூகிள் டொக்ஸும் இலவசம்தான். ஆனால் கூகிள் கணக்கோடு இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை ஜிமெயிலும் கூகிளில் சேமிக்கும் போன் படங்களும் பங்குபோடும். நிரம்பினால் மெயில் வருவதும் நின்றுவிடும்.

பலர் தடுமாறுவது மாதக் கட்டணத் திட்டமான மைக்ரோசொப்ட் 365இல். பேர்சனல் ஒருவருக்கு, பமிலி ஆறு பேர் வரை, ஆளுக்கு 1 டிபி சேமிப்பிடம். கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் பமிலியை எடுத்து வேலையாட்களுக்குப் பங்கிட்டால் மலிவாகத்தான் முடியும். ஆனால் நிபந்தனைப்படி பேர்சனல், பமிலி இரண்டுமே வியாபாரமல்லாத சொந்தப் பாவனைக்கு மட்டும். கடைக்கென்றால் பிஸ்னஸ் திட்டம். அதிலும் பேசிக்கில் வேர்ட், எக்செல் பிரவுசரிலும் போனிலும்தான் ஓடும். கணினியில் இன்ஸ்டோல் பண்ண ஸ்டான்டர்ட் வேண்டும். விலையைப் பார்த்துப் பேசிக்கை எடுத்தால், இணையம் அறுந்த நேரத்தில் பில் அடிக்க முடியாமல் நிற்க வேண்டியதுதான்.

மாதக் கட்டணம் பிடிக்காதவர்களுக்கு ஒருமுறை வாங்கும் ஹோம் அண்ட் பிஸ்னஸ் 2024 இருக்கிறது. ஒரு கணினிக்கு மட்டும், வியாபார உரிமையோடு. பழைய 2016, 2019 பதிப்புகளுக்கு 2025 ஒக்டோபர் 14உடன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது.

இனி பாமினி, ஆங்கில விசை எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுத்த பழைய எழுத்துரு. மட்டக்களப்பில் பழைய கடிதம், வினாத்தாள், கடன்காரர் பட்டியல் எல்லாம் அதில்தான் கிடக்கும். கூகிள் டொக்ஸில் நம்முடைய எழுத்துருவை ஏற்ற வழியில்லை, திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான். வேர்டிலும் லிப்ரேயிலும் அந்தக் கணினியில் பாமினி இருந்தால் சரியாகத் தெரியும். ஆனால் பெயர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள்: 'க' எஃப் விசையிலும் 'அ' எம் விசையிலும் இருப்பதால் கந்தசாமி அருளம்பலத்துக்கு முன்னால் வந்து நிற்பார். எந்த ஒபிஸும் இதைத் திருத்தாது, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட்டுக்கு மாற்றத்தான் வேண்டும். மாற்றும் கருவியில் முழுப் பக்கத்தையும் போட்டால் இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் குழம்பிய தமிழாகிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் தெரிவுசெய்யுங்கள், மூலப் பிரதியை அழிக்காதீர்கள்.

வேலையாள் தன் சொந்த ஜிமெயிலில் கடைக் கணக்கை வைத்திருந்தால், அவர் விலகும்போது கோப்பும் அவரோடு போகும். நிறுவனங்களுக்கான கட்டணத் திட்டமான கூகிள் வேர்க்ஸ்பேஸில் அட்மின் கடவுச்சொல்லை மாற்றி, கோப்புகளை இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம். இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் இதற்காகவே காசு கொடுக்கலாம்.

தனி ஆள் கடைக்கு லிப்ரே போதும். சம்பளப் பட்டியலில் எக்செல் மாக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு கட்டளைத் தொகுப்பு) இருந்தால் அது லிப்ரேயில் பாதியில் நின்றுபோகக்கூடும். அந்த ஒரு கணினிக்கு மட்டும் ஹோம் அண்ட் பிஸ்னஸ் வாங்குங்கள்.